மொட்டை டயர் மட்டும்தான் வழுக்குமா? மழைக்கு ஏற்ற கார் டயரை வாங்குவது எப்படி?

துணியை விரலால் தடவிப் பார்த்தே ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைந்த ஊர் திருப்பூர். நூல் என்ன கவுன்ட், துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் நிற்குமா, லேப் ரிப்போர்ட் எங்கே என்று ஆயிரம் கேள்விகள் கேட்ட பிறகுதான் ஒரு பீஸ் பெட்டிக்குள் போகும். வாஷ்கேர் லேபிளில் ஓர் எழுத்து மாறிப்போனால்கூட பையர் சரக்கைத் திருப்பிவிடுவார் என்பது முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் டெய்லரிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும்.

அதே ஆள் தன் காருக்கு டயர் மாற்றப் போகும்போது கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். “எத்தன கிலோமீட்டருங்க ஓடும்?” “நாலுக்கும் சேர்த்து என்ன ரேட்டுங்க வருது?”

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. “மழையில பிரேக் அடிச்சா வண்டி எங்கீங்க நிக்கும்?” இதை யாரும் கேட்பதில்லை. ஆனால், உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி இது ஒன்றுதான்.

வெயில் ஊருக்கு எதற்கு மழை டயர்?

‘நம்ம ஊர்ல வருஷத்துக்கு எத்தனை நாள் மழை பெய்யுது? அதுக்குப் போய் தனியா டயரா?’ என்று தோன்றலாம். திருப்பூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. கோடையில் சில இடி மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மற்ற நாள்களில் வெயில்தான். ஆனால், மழை குறைவாகப் பெய்வதுதான் இங்கே சிக்கலே. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, முதல் மழை. மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் சாலையில் லாரி, வேன், டெம்போ எல்லாம் சிந்திய எண்ணெயும் டீசலும் டயர் தூளும் மண்ணும் படிந்திருக்கும். முதல் பத்து இருபது நிமிடத் தூறலில் இவையெல்லாம் தண்ணீரோடு கலந்து சோப்பு நுரை போலாகிவிடும். அடித்துப் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தூறலோடு நின்றால் வழுக்கல் அப்படியே இருக்கும். அடிக்கடி மழை பெய்யும் ஊர்களில் சாலை தானாகவே கழுவப்பட்டுக்கொண்டிருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது, வெயில். வீடு, கம்பெனி, டையிங், பேங்க் என்று தினமும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, மற்ற நேரமெல்லாம் வெட்டவெளியில் நிற்கும் கார்கள் இங்கே அதிகம். இந்தக் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடுகிறது. பட்டன் நன்றாகத் தெரியும். ஆனால், இறுகிய ரப்பர் ஈரத் தாரைப் பிடிக்காது. பார்வைக்குப் புதிது, பிடிமானத்தில் கிழடு.

மூன்றாவது, பயணம். திருப்பூர்க்காரர்கள் திருப்பூருக்குள்ளேயே இருப்பதில்லை. அவிநாசியில் தேசிய நெடுஞ்சாலை 544-ஐப் பிடித்தால் வாளையார் தாண்டி கொச்சி. மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் அங்கேதான் இருக்கிறது. காலையில் காய்ந்த சாலையில் கிளம்பி, மதியத்துக்குள் கொட்டும் மழையில் மலையேறும் ஊர் நம்முடையது. மழையில் ஓட்டிய பழக்கமும் குறைவு, டயரும் அதற்காக வாங்கியது இல்லை என்றால் எப்படி?

அந்த 12 மீட்டர்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் வேகம் 60 கி.மீ. ஈரச் சாலை. நல்ல டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு எண் 0.6 என்று வைத்துக்கொள்வோம். முழு பிரேக் போட்டால் கார் சுமார் 24 மீட்டரில் நிற்கும். தேய்ந்த அல்லது இறுகிப்போன டயருக்கு அந்த எண் 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டருக்கும் மேல் ஆகும்.

கிட்டத்தட்ட 12 மீட்டர் வித்தியாசம். ‘கொஞ்சம் தள்ளித்தானே நிற்கும்’ என்று நினைக்க வேண்டாம். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது காரின் வேகம் இன்னும் 35 கி.மீ.-க்கு அருகில் இருக்கும். ஷிப்ட் விட்ட நேரத்தில் காங்கேயம் சாலையைக் கடக்கிறவர்களையும், மொபெட்டில் பின்னால் பண்டலும் முன்னால் பிள்ளையுமாகப் போகிறவரையும் நினைத்துப் பாருங்கள். அந்த 35 கி.மீ. என்பது என்னவென்று புரியும்.

‘என் வண்டியில ஏ.பி.எஸ். இருக்கே?’ என்று கேட்கலாம். ஏ.பி.எஸ். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்கும். ஆனால், டயரில் இல்லாத பிடிமானத்தை அதனால் உருவாக்க முடியாது. காரில் எத்தனை பாதுகாப்பு வசதிகள் இருந்தாலும், அவை எல்லாம் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரால் மட்டுமே.

டயர் தண்ணீரை என்ன செய்கிறது?

காய்ந்த சாலையில் பட்டன் இல்லாத மொட்டை டயர்கூட நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்கள் காய்ந்த தடத்தில் பள்ளமே இல்லாத வழவழப்பான டயரில்தான் ஓடுகின்றன. பள்ளங்கள் வெட்டப்படுவது தண்ணீருக்காக.

தரையைத் தொடும் அகலம் 15 செ.மீ. உள்ள ஒரு டயர், 3 மி.மீ. தண்ணீர் தேங்கிய சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால், ஒவ்வொரு விநாடியும் சுமார் 10 லிட்டர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். விநாடிக்கு ஒரு சின்ன பக்கெட்! பள்ளங்கள் ஆழமாக இருந்தால் தண்ணீர் அவற்றின் வழியே வெளியேறும். ஆழம் போதாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டு வண்டியையே தூக்கிவிடும். இதைத்தான் அக்வாபிளேனிங் என்கிறார்கள். அப்போது கார் சாலையில் ஓடவில்லை, தண்ணீர் மேல் மிதக்கிறது. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். திருப்பினால் திரும்பாது.

ஈர ஓடுதளத்தில் இறங்கும் விமானங்களுக்காக 1960-களில் அமெரிக்காவின் நாசா இதை ஆராய்ந்தது. டயரில் உள்ள காற்றழுத்தத்தை வைத்து, எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்று தோராயமாகச் சொல்லும் சூத்திரம் ஒன்று அதில் கிடைத்தது. பள்ளங்களால் வெளியேற்ற முடியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது அது பொருந்தும். அதன்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும். காற்று 24 பி.எஸ்.ஐ. ஆகக் குறைந்தால் சுமார் 82 கி.மீ. வேகத்திலேயே மிதந்துவிடும்.

‘மழைக்காலத்துல காத்தைக் கொஞ்சம் கம்மியா வெச்சா நல்லா கிரிப் கிடைக்கும்’ என்று சொல்வார்கள். அது தார்ச் சாலைக்கு ஆபத்தான யோசனை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

எப்போது மாற்ற வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. இதைக் காட்டுவதற்காகவே பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், அந்த டயரின் கதை முடிந்தது.

ஆனால், 1.6 என்பது சட்டம் போட்ட கடைசிக் கோடு. புது டயரில் ஆழம் 7, 8 மி.மீ. வரை இருக்கும். 3 மி.மீ.-க்குக் கீழே போனதும் ஈரச் சாலைப் பிடிமானம் வேகமாகச் சரியத் தொடங்கிவிடும். எனவே, மழையில் ஓட்டுகிறவர்கள் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்தி, பட்டனின் மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடங்களில் அளப்பது முக்கியம். அலைன்மென்ட் சரியில்லாத வண்டியில் உள்பக்கம் மட்டும் மொட்டையாகியிருக்கும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

அடுத்தது வயது. ஓரத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் டயரின் பிறந்த தேதி. 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 5 ஆண்டுகள் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், எப்படியிருந்தாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது பெரிய டயர் நிறுவனங்களே சொல்வது. நம் வெயிலுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். ஓரங்களில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுவதே சரி.

டயரின் லேபிளைப் படியுங்கள்

துணிக்கு வாஷ்கேர் லேபிள் போல, டயருக்கு அதன் ஓரம்தான் லேபிள்.

முதலில் அளவு. உதாரணத்துக்கு, 185/65 ஆர் 15 88எச் என்றால், அகலம் 185 மி.மீ.; பக்கவாட்டு உயரம் அகலத்தில் 65 சதவீதம்; ரிம் 15 அங்குலம்; ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோ; அதிகபட்ச வேகம் 210 கி.மீ. உங்கள் காருக்குரிய அளவும் காற்றழுத்தமும் டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். எடை எண்ணும் வேக எழுத்தும் அதைவிடக் குறையக் கூடாது. கம்பெனி போட்டுக்கொடுத்த பிராண்டையே மறுபடியும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. இது கட்டாயம்.

மூன்றாவதுதான் நம் விஷயம். ஈரச் சாலைப் பிடிமானம், உருளும்போது ஏற்படும் எரிபொருள் இழப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் வரம்பு நிர்ணயித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. ஏ.ஐ.எஸ். 142 என்பது அந்தத் தரத்தின் பெயர். புதிய வடிவமைப்பு டயர்கள் 2022 அக்டோபர் 1 முதல் இதற்கு உட்பட வேண்டும். ஏற்கெனவே விற்பனையில் இருந்த வடிவமைப்புகளுக்கு, ஈரப் பிடிமான விதி 2023 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறிக்கப்பட்டது. ஆகவே, அதற்கு முன் தயாரான பழைய ஸ்டாக்கை ‘ஆஃபர்’ என்று தள்ளினால், பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பியத் தரத்துக்கும் சேர்த்துச் சான்று பெற்ற டயர்களில், வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும், அருகில் ஒரு நீள எண்ணும், அதை ஒட்டி ‘எஸ்2 டபிள்யூ ஆர்2’ போன்ற எழுத்துகளும் இருக்கும். எஸ் சத்தத்தையும், ஆர் உருளும் இழப்பையும் குறிக்கும். நடுவில் உள்ள ‘டபிள்யூ’தான் ஈரப் பிடிமானச் சோதனையில் தேறியதற்கான அடையாளம்.

ஆனால், இவையெல்லாம் பாஸ் மார்க் மட்டுமே, ரேங்க் அல்ல. ரேங்க் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. சில டயர்களில் டிரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று அமெரிக்க முறைக் குறியீடு இருக்கும். இதில் டிராக்‌ஷன் என்பது ஈரச் சாலையில் நேராகப் போகும்போது பிரேக் பிடிக்கும் திறன். ஏஏ, ஏ, பி, சி என்ற வரிசையில் ஏஏ-தான் சிறந்தது. ஏ-வுக்குக் கீழே இறங்காதீர்கள். வளைவில் எப்படிப் பிடிக்கும் என்பதை இது சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் பனியன் போய் இறங்கும் அதே ஐரோப்பாவின் டயர் லேபிள். அங்கே ஒவ்வொரு கார் டயருக்கும் ஈரப் பிடிமானத்துக்கு ஏ முதல் இ வரை ஐந்து தரங்களில் ஒன்றை ஒட்டித்தான் விற்க வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், ஒரு தரம் இறங்குவதற்கு 3 முதல் 6 மீட்டர் வரை நிற்கும் தூரம் கூடும் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் பார்க்கும் மாடல் அதே பெயரிலும் அதே அளவிலும் அங்கே விற்கப்பட்டால், அதன் தரத்தைப் போனிலேயே தேடிப் பார்க்கலாம். நாட்டுக்கு நாடு ரப்பர் கலவை மாறக்கூடும் என்பதால், அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை விட்டுக்கொடுப்பது?

நீண்ட நாள் உழைப்பு, எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிமானம் மூன்றும் ஒரே டயரில் முழுதாகக் கிடைப்பது கடினம். ‘லைஃப் அதிகம்’ என்று விற்கப்படும் டயரில் ரப்பர் பெரும்பாலும் கடினமானதாக இருக்கும். அது ஈரத்தில் கொஞ்சம் பின்தங்கும். கலவையில் சிலிகா சேர்த்து, பிடிமானத்தையும் சிக்கனத்தையும் ஒருசேரக் கொண்டுவரும் முறை 1990-களில் கார் டயர்களுக்கு வந்தது. இன்று நல்ல நிறுவனங்கள் எல்லாவற்றிலும் அப்படிப்பட்ட டயர்கள் உண்டு. நகத்தால் அழுத்திப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

டயரில் ஒட்டியிருக்கும் பி.இ.இ. நட்சத்திரத்தையும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். ஃப்ரிட்ஜ், ஏ.சி.யில் இருப்பதைப் போல அது எரிபொருள் சிக்கனத்துக்கான நட்சத்திரம். மழையில் எங்கே நிற்கும் என்பதற்கான ரேங்க் அல்ல.

‘அகலமா போட்டா நல்லா உக்காரும்’ என்று பெரிய அளவுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகலம் கூடினால் விலக்க வேண்டிய தண்ணீரும் கூடும். மற்றவை ஒன்றாக இருந்தால், அகலமான டயர் சீக்கிரமே மிதக்கும். எஸ்.யு.வி.களுக்குப் போடும் முரட்டுப் பட்டன் டயர்களும் அப்படித்தான். சேற்றிலும் தோட்டத்துப் பாதையிலும் அவை சூரர்கள். ஈரத் தாரில், நெடுஞ்சாலைக்கென்று செய்த டயர்தான் பொதுவாக நன்றாகப் பிடிக்கும்.

சரி, செலவு? நல்ல ஈரப் பிடிமானம் உள்ள டயர் ஒன்றுக்கு 800 ரூபாய் அதிகம் என்றே வைத்துக்கொள்வோம். நான்குக்கு 3,200 ரூபாய். 4 ஆண்டுகள் ஓட்டினால் மாதம் 67 ரூபாய்கூட வராது. போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய டயருக்கு அப்போது கொடுத்த விலையை மனதில் வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டு மட்டும் மாற்றினால் எங்கே போடுவது?

பெரும்பாலான கார்களில் முன் டயர்கள்தான் முதலில் தேயும். கடைக்குப் போனால், “முன்னாடி ரெண்டும் புதுசு போட்டுரலாங்ணா, பின்னாடி இருக்கறது அப்படியே ஓடட்டும்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், மழைக்கு இது தலைகீழ். புது டயர்கள் பின்னால்தான் போக வேண்டும். பின்னால் இருந்த நல்ல டயர்கள் முன்னால் வர வேண்டும்.

காரணம் இதுதான். முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். பயத்தில் நாம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்போம். வேகம் குறையும், பிடிமானம் திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுழலும். அதைச் சமாளிக்கும் பயிற்சி சாதாரண ஓட்டுநர் யாருக்கும் கிடையாது. டயர் நிறுவனங்களும் இதையேதான் பரிந்துரைக்கின்றன. முன்னால் வரும் டயர்களிலும் 3 மி.மீ.-க்கு மேல் பள்ளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கையும் மாற்றுவதுதான் வழி.

ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே அளவு, ஒரே மாடலாக இருக்கட்டும். பஞ்சருக்காக ஒன்றை மட்டும் வேறு பிராண்டில் மாற்றி ஓட்டினால், ஈரத்தில் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம்

வழுக்கையான டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டுப் புதிது போல விற்கும் வேலை பல ஊர்களில் நடக்கிறது. கார் டயரில் அப்படி வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பி வலை வரை கத்தி போய்விடும். வேகத்தில் வெடிக்கும். அடுத்தது, செகண்ட் ஹேண்ட் டயர். அது எத்தனை குழியில் இறங்கியது, எத்தனை நாள் காற்று குறைவாக ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஸ்டெப்னியில் 10 ஆண்டுகளாகப் படுத்திருக்கும் ‘புது’ டயரும் இதே கணக்கில்தான் வரும்.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. தயாரிப்பு வாரம், ஆண்டு என்ன? ஓராண்டுக்குள் இருந்தால் நல்லது. நான்கிலும் பார்க்க வேண்டும்.
2. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?
3. டிராக்‌ஷன் ஏ அல்லது ஏஏ-வா? ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிமானம் என்ன தரம்?
4. எடை எண்ணும் வேக எழுத்தும் என் காருக்குப் பொருந்துகிறதா?
5. டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறியோ, ‘வெளிப்பக்கம்’ என்ற குறியோ உண்டா? மாற்றி மாட்டினால் தண்ணீர் சரியாக வெளியேறாது.
6. டயரின் தொடர் எண்ணோடு பில் தருவீர்களா? பில் இல்லாமல் வாரன்டி கேட்க முடியாது.

மாட்டிய பிறகு

பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள். புது டயரின் மேல்பரப்பு கொஞ்சம் வழவழப்பாக இருக்கும் என்பதால், முதல் 300 கி.மீ. வரை நிதானம் தேவை. காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் சோதிக்க வேண்டும். மாதம் ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் பாருங்கள். நைட்ரஜன் அடித்தாலும் இந்தச் சோதனை தேவைதான்.

தண்ணீரில் வண்டி மிதப்பதாகத் தெரிந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறைந்ததும் டயர் தரையைத் தொடும். மழையில் க்ரூஸ் கன்ட்ரோலைப் பயன்படுத்த வேண்டாம்.

எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் ஓட்டுகிறவரின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. தேங்கிய தண்ணீரில் 100 கி.மீ. போகிறவரை எந்த பிராண்டும் காப்பாற்றாது. ஆனால், நிதானமாக 50-ல் போகிறவருக்குக் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், நிற்க வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தும் வேலை டயருடையது.

வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது ஒரு தீக்குச்சியையும் ஸ்கேலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு டயர்களுக்கும் ஸ்டெப்னிக்கும் ஆழத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ள பத்து நிமிடம் போதும். மழை வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.